ஐந்தில் ஒரு பங்கு

எட்டாவது வரை படித்த நான் காற்றைப் பற்றி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று தியாகதுருகம் சாலையோரம் யாரோ டயர் கொளுத்திய நாற்றத்தில், அம்மா வேலை பார்த்த, இப்போது வீட்டுமனையாகிவிட்ட வெல்ல ஆலை கண்முன் வந்தது. கொதிக்கும் பாகின் இனிப்பு மணமும், மழையில் நனைந்த கரும்புச்சக்கை பற்றுவதற்காக அம்மா அடுப்பில் தள்ளும் பழைய டயரின் கரும்புகையும் ஒன்றாகவே என் பாவாடையில் ஏறும். அம்மா இருமிக்கொண்டே தள்ளுவாள். ஒரு மழைநாளில் சொன்னேன்:

“பள்ளிக்கூடத்துல சொன்னாங்கம்மா, காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் மூச்சுக்கு ஆவுமாம். டயரு வேணாம்.”

“மீதி நாலு பங்கு இன்னா, நம்ம மொதலாளிக்காடி?” என்று சிரித்தவள், சிரிப்பு இருமலாகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சக்க காயட்டும், வுட்டுடறேன்.”

மறுநாளும் மழை. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. டயரை எடுத்துக்கொண்டு அடுப்புக்குச் சித்தி போனாள்.