ஓங்கிக் குத்திய மூன்று கட்டைகள்

அந்த இசையை எழுதியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பியானோ என்றால் செத்துப்போனவர்களின் சங்கீதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தனிப் பியானோ, ஏழு நிமிடம், தொடக்கம் முதல் முடிவு வரை மெல்லிய சத்தம். போனில் டேட்டா முடியும்வரை கேட்டேன். பிறகு அக்காவின் போனைப் பிடுங்கினேன்.

"உதென்னடா, செத்தவீட்டுக்குப் போடுறதோ?" என்றாள்.

"உயிரோட இருக்கிற மனுசன் எழுதினது."

"அப்ப ஏன் இப்பிடி அழுகிறார்?"

கொழும்பில் இசை ஆசிரியர் பயிற்சிக்கான தேர்வில் அதையே வாசிப்பதென்று முடிவெடுத்தேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எனக்கு அது கடைசி வருடம். எங்கள் கடலோர ஊரான அரிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பியானோ மாதா கோயில் மண்டபத்தில் இருந்தது. உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்து, நடுவில் மூன்று கட்டைகள் ஊமையாகிக் கிடந்தன. ஓங்கிக் குத்தினால்தான் மற்றவற்றின் அளவுக்குச் சத்தம் வரும். ஆறு மாதம் குத்தினேன். கடைசியில் குத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

துணைக்கு அக்கா வந்தாள். தேர்வு அறை வாசலில் என் சட்டைக் கொலரை இழுத்துவிட்டு, "பேயன் மாதிரி அவசரப்படாத" என்றாள்.

உள்ளே கறுத்த, பெரிய பியானோ. முதல் பத்துச் சுரங்களும் நான் போனில் கேட்டது போலவே இருந்தன. சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்தது அந்த மூன்றில் ஒன்று. கதவை அறைந்தது போல் வெடித்தது. நாலு சுரம் தள்ளி இன்னொன்று. தேர்வாளர் பேனையை வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"தம்பி, ஏன் அதுகளை மட்டும் அடிக்கிறீங்கள்?"

"எங்கட பியானோவில அடிச்சாத்தான் கேட்கும், மிஸ்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். கேள்வி கேட்டவர் சிரிக்கவில்லை. "முதல்ல இருந்து வாசியுங்கோ."

இரண்டாம் தடவை அந்தக் கட்டைகள் வரும்போதெல்லாம் விரல் பயந்தது. தொட்டேன், சத்தமே வரவில்லை. ஏழு நிமிடமும் இசை ஓட்டை ஓட்டையாகப் போனது. "நன்றி" என்றார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

"என்னடா?" என்று அக்கா ஓடிவந்தாள்.

"நல்லா வாசிச்சனான்."

அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் எடுத்தாள். "நல்லா வாசிச்சவனாம், அம்மா! ஓம், ஓம், அழாதேங்கோ." பஸ் புத்தளம் தாண்டுவதற்குள் ஊரில் பாதிப்பேருக்குச் சொல்லிவிட்டாள். பிறகு அம்மா திரும்ப எடுத்து என்னோடு கதைக்கக் கேட்டார். நான் கண்ணை மூடி, தலையை யன்னலில் சாய்த்துக்கொண்டேன்.

"களைச்சுப்போய்ப் படுக்கிறான், அம்மா" என்றாள் அக்கா. "எழுப்பேல்ல."