கரண்ட் போனால் கதை

நாவலின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. முதல் பாகத்தைக் கேட்டவள் குவைத்தில் இருக்கிறாள்.

என் அக்காவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆந்திராவில் எங்கள் ஊரான நகரியில் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். என்னை மட்டும் திருத்தணியில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். அதனால் நான் படிக்கும் புத்தகம் அவளுக்கு வெறும் கோலம். நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவள் கேட்க வேண்டும்.

அதுவும் கரண்ட் போனால்தான். வீட்டில் பவர்லூம் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் பாதிதான் கேட்கும். கரண்ட் போய்த் தறி நின்றதும் அக்கா அறுந்த இழைகளை முடிச்சுப் போட உட்காருவாள், நான் புத்தகத்தைப் பிரிப்பேன். மந்திரத்தால் ஓடும் விண்கப்பல்கள், அவற்றைப் பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக் பெண். மந்திரம் பலிக்காவிட்டால் ஸ்பானரை எடுப்பாள்.

"இன்னாடி இது, மந்திரம் தெரிஞ்சவளுக்கு ஸ்பானர் எதுக்கு?" என்பாள் அக்கா.

"நீ தறிக்குக் கற்பூரமும் காட்டற, ஆயிலும் உட்றியே, அது எதுக்கு?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, மேல படி" என்பாள்.

விளக்கு எரிந்ததும், "ஒச்சிந்தி!" என்று தெலுங்கில் கத்திவிட்டு ஸ்விட்சைப் போட ஓடுவாள். கரண்ட் வந்தால் கதை அங்கேயே நிற்கும். ஒருநாள் அந்தப் பெண் வேற்றுலக வாசலில் ஒரு காலைத் தூக்கியபோது தறி ஓடத் தொடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வரை அவள் ஒற்றைக் காலிலேயே நின்றாள். அக்கா தறியைச் சுற்றி வந்து என் காதில் கத்தினாள்: "காலை வெச்சாளா இல்லியா?"

வைத்தாள். வாசல் அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. முதல் பாகம் அதோடு முடிந்தது.

"திரும்பி வரமாட்டா பாரு" என்றாள் அக்கா.

"வருவா."

பந்தயம் போட்டோம். தோற்றவள், 'நீ சொன்னதுதான் சரி' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அக்கா பிறந்ததிலிருந்து என்னிடம் அதைச் சொன்னதில்லை.

பிறகு அவள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்தேன். நாள் முழுக்க ஜனங்கள் வருகிறார்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு, மலைக்கு பஸ் எங்கே, இவ்வளவுதான் பேச்சு. இத்தனை கூட்டத்தில் இப்படித் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும்.

இரண்டாம் பாகம் கைக்கு வந்ததும் முதல் அத்தியாயத்தை போனில் படித்துப் பதிவுசெய்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமைதான் அவளால் பேச முடியும். கூப்பிட்டவுடன் சண்டைக்கு வந்தாள். "நடுவுல ஒன்னு கேட்டா நீ பதில் சொல்லமாட்டேன்ற. உட்டுடு. சங்கராந்திக்கு வரேன், ஒக்காந்து படிக்கலாம்."

நல்லது என்று புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்தேன். கவுன்ட்டரில் அதைப் பார்த்த ஒரு பக்தர், ஸ்தல புராணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சங்கராந்தி நெருங்கியபோது ஒரு வெள்ளிக்கிழமை அக்கா சுற்றிவளைத்துப் பேசினாள். சாப்பாடு, மழை, எதிர்வீட்டுக் கல்யாணம். கடைசியில், "அந்த புக்கை நீயே படிச்சிடு. எனக்காக வெச்சிக்கினு ஒக்காந்திருக்காத" என்றாள்.

"ஏன்?"

"மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருன்றாங்க. சரின்னுட்டேன்."

போனை வைத்த பிறகு லாட்ஜிலேயே இருக்கும் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வாய்விட்டுத்தான் படித்தேன். அவள் குறுக்கிட்டிருக்கும் இடங்களில் எல்லாம் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. லாட்ஜில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனதே தெரியாது, வந்ததும் தெரியாது. லீவு நாட்களிலும் மதிய நேரங்களிலுமாகப் படித்து முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் வாசல் திறந்தது. கையில் ஸ்பானரோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஜெயித்துவிட்டேன். சொல்ல ஆள் இல்லாமல் ஜெயிப்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது! அவள்மேல், அந்த மெக்கானிக்மேல், எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இவளுக்கு மட்டும் எந்த மேடமும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா முதலில் அதைத்தான் கேட்டாள்.

"வந்தாளா?"

'நீ சொன்னதுதான் சரி' என்று அவள் வாயால் கேட்கும் நேரம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இன்னும் படிக்கல" என்றேன்.

"பைத்தியம். படிச்சிடுன்னு சொன்னேன் இல்ல?"

"கரண்ட் போகவே மாட்டேன்னுது, நான் இன்னா பண்றது?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப வெச்சிரு" என்றாள் அக்கா. "நான் வந்து கேட்டுக்கறேன்."