மதலேனக்காவின் பித்தளைப் பொத்தான்

செவ்வாய்க்கிழமை காலை துக்க மணி அடித்தபோது நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கப்படி பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்துச் சிலுவை வரைந்து, இளைப்பாற்றி மந்திரம் சொன்னேன். சந்தியாகுப் பெரியவருக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன். முந்தின வாரம்தான் சாமியார் அவருக்குச் சாவு நேரத்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்திருந்தார். ஆண்டவர் பாடுகளை நினைக்கிற தபசு காலத்தில் சாவு வாய்த்திருக்கிறது, கொடுத்து வைத்தவர் என்று மனத்துக்குள் ஒரு பாராட்டும் சொல்லிக்கொண்டேன்.

இடைவேளையில் அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "மணி யாருக்கு டீச்சரம்மா?" என்று கேட்டார்.

திரும்பினால் வாசலில் கோவில் உபதேசியார் நிற்கிறார். காலையில் தண்ணீர் சேந்தப் போன இடத்தில் மதலேனம்மா கிணற்றடியில் சாய்ந்துவிட்டதாகவும், ஓசூருக்குத் தூக்கிப் போக வண்டி பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். எந்த மதலேனம்மா என்று கேட்டேன். நம் ஊரில் வேறு யாருக்கு அந்தப் பெயர் இருக்கிறது? ஆனாலும் கேட்டேன். திங்கள்கிழமை சாயங்காலம்கூடத் தலையில் புல்கட்டோடு பள்ளிக்கூடத்தைக் கடந்து போனாரே. அந்தப் போக்குக்கு இன்னும் முப்பது வருஷம் இருப்பார் என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

நம் மாதா சபைக்கு இந்த வருஷம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லவேண்டும். பழைய அங்கத்தினர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மதலேனக்கா நம் சபைத் தலைவி. கன்னட நாட்டுப் பக்கம் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்து, ஒரு செவலைப் பசுவை வைத்துக்கொண்டு பெண்ணை வளர்த்துப் பெங்களூரில் கட்டிக்கொடுத்தவர். தமிழில் பேசுவார், தெலுங்கில் பால் விலை பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். கோபம் தீர்ந்ததும் "ஆயித்து பிடு" என்பார். ஆச்சு, விடு என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தச் சண்டையை அவர் வாயால் நாம் யாரும் கேட்டதில்லை.

தபசு காலத்தில் நாம் ஒருவருக்கொருவர் சாமான் எடுக்கிறோமே, அந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். சில வருஷங்களுக்கு முன் நம் கூட்டங்களில் யார் எத்தனை நாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடித்தார்கள் என்பதே பேச்சாக இருந்தது. ஒருத்தி உப்பை விட்டால் இன்னொருத்தி மோரை விடுவாள். நான் இரண்டையும் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அக்கா எழுந்து, "வயித்தக் காயப் போட்டுட்டு வாய மேயவிடறோம், இதுக்கு எதுக்கு தபசு?" என்றார்.

அடுத்த வாரமே ஒரு யோசனையோடு வந்தார். ஒவ்வொருத்தியும் தன்னுடையது என்று எல்லோருக்கும் தெரிகிற ஒரு சின்னச் சாமானைக் கொண்டுவர வேண்டும். நம்மில் பாதிப் பேருக்குப் படிக்க வராது, அதனால் சீட்டு வேண்டாம் என்றார். எல்லோரும் பார்க்கும்படி அதைக் காட்டிவிட்டு, ராகி அளக்கிற வள்ளத்தில் போட்டுத் துணியால் மூட வேண்டும். பிறகு கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கும் காட்டாமல் முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். யாருடைய சாமான் கையில் வந்ததோ அவளுக்காக நாற்பது நாளும் வேண்டிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் உபகாரம் செய்ய வேண்டும். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குப் பூசை முடிந்ததும் கோவில் புளியமரத்தடியில் சாமானைத் திருப்பிக் கொடுத்து, "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் எப்போதும் ஒரு பேனா முள்ளைப் போடுவேன். அக்கா போடுவது புருஷனுடைய பட்டாளத்துச் சட்டையிலிருந்து அறுத்த ஒரு பித்தளைப் பொத்தான்.

முதல் வருஷம் நடந்ததை நினைத்தால் இந்தத் துக்கத்திலும் சிரிப்பு வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நம் பிலோமினா வெளுத்த முகத்தோடு என்னிடம் ஓடிவந்தாள். யாரோ அவள் வாசலில் ஒரு சட்டி கோழிக்குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தபசு காலத்து வெள்ளிக்கிழமை. தின்றால் பாவம், கொட்டினாலும் பாவம். பக்கத்து வீட்டு முனியம்மாவும் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள். எனக்கும் வழி தெரியாமல் அவளை அக்காவிடம் கூட்டிப் போனேன். அக்கா முகத்தைத் துளியும் மாற்றிக்கொள்ளவில்லை.

"தப்பான நாள்ல வந்துட்டா என்னாடி? கெட்டா போச்சு? சூடு பண்ணி வை. விடிஞ்சா சனிக்கிழமை."

பாஸ்கு காலையில் பிலோமினாவின் சாமானை நீட்டி "நான்தான்" என்றவர் சாட்சாத் மதலேனக்காவேதான். நாளை மறந்துவிட்டுக் கோழி அடித்தவரும் அவரே, நமக்குத் தீர்ப்புச் சொன்னவரும் அவரே. அன்று புளியமரத்தடியில் நாம் சிரித்த சிரிப்பில் சாமியார் பூசை அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து பார்த்தார்.

இனிச் சொல்லவேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனால் அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தபசுக்கு முந்தின கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். சபைச் செயலாளர் என்ற முறையில் நான் வருகைப் பட்டியலை வாசித்தேன். அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்ச் சின்னம்மாள் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. ஒழுங்குப்படி அவள் பெயரை எடுத்துவிடலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பேர அடிக்க உனக்கு ஒரு கோடு போதும் டீச்சரம்மா. அவ பாதி வழி நடந்து, மீதி வழிக்கு வண்டி பாத்து நிக்கறா. நீ ஒரு நாளு அங்கேருந்து நடந்து வா. அப்பறம் கோடு போடு."

எல்லோரும் சிரித்தீர்கள். தப்பில்லை, சிரிக்கும்படித்தான் சொன்னார். ஆனால் எனக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷம் ஒரு கூட்டம் தவறாமல் பட்டியலைக் காப்பாற்றியவள் நான். நாலு பேர் நடுவில் என்னை இப்படிச் சொல்லலாமா என்று உள்ளே புகைந்தது. மறுநாள் அக்கா பள்ளிக்கூட வேலியருகே வந்து நின்று, "ஆயித்து பிடு, டீச்சரம்மா" என்றார். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. விழாதவள் மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் வள்ளத்தில் கையை விட்டு எடுத்தோம். என் விரலில் தட்டுப்பட்டது வழவழவென்று வட்டமாக இருந்தது. எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, பித்தளைப் பொத்தான்.

நாற்பது நாள் ரகசியம் காக்க வேண்டும் என்ற விதியைச் செயலாளரான நானே இன்றைக்கு மீறுகிறேன். இந்தத் தபசில் மதலேனக்கா என் பங்கு. அவருக்காக நான் ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் இறைத்து வைக்கவில்லை. பொத்தானைச் செபப்புத்தகத்துக்குள் போட்டு மூடினேன். முதல் வாரம் கோபம் என்றேன். இரண்டாம் வாரம், கோபம் ஆறட்டும் என்றேன். மூன்றாம் வாரம், குருத்து ஞாயிறிலிருந்து ஆரம்பித்தாலும் ஒரு வாரம் இருக்கிறதே என்றேன். ஒருசந்தி ஒன்றுகூட விடவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலத்துக்கும் கல் தரையில் முழங்கால் போட்டேன். இந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை மணி அடித்துவிட்டது. அவருக்காக நான் முதல்முதலாகச் சொன்ன மந்திரமும் சந்தியாகுப் பெரியவருக்கென்று நினைத்துச் சொன்னது.

குளிப்பாட்டுகிற பெண்களோடு நானும் இருந்தேன். முகம் எப்போதும் போல்தான் இருந்தது, ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர் போல. அவர் யாருடைய சாமானை எடுத்திருந்தார் என்று தெரியுமா என, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். வெற்றிலைக் காம்பு ஒன்று இருந்தது, வேறொன்றும் இல்லை. இடுப்புப் பையிலும் இல்லை, மாடத்திலும் இல்லை. ஒருவேளை என் பேனா முள்தானோ என்ற எண்ணம் எனக்கு ராத்திரியெல்லாம் இருந்தது. ஏனென்றால் இந்தத் தபசு முழுக்க யாரோ எனக்காகப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையை விடியுமுன் நிரப்பி வைக்கிறார்கள். புதன்கிழமை காலை ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பானை மூடியைத் திறந்தேன். விளிம்புவரை தண்ணீர் இருந்தது. அது அக்கா இல்லை. எனக்கு வந்தது ஆறுதலா ஏமாற்றமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. பானையை நிரப்புகிற சகோதரி யாரோ, உங்களை நான் தேடவில்லை. பாஸ்கு வரை பொறுத்திருப்பேன்.

புதன்கிழமை அடக்கம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் மலையூர்ச் சின்னம்மாள் வந்து சேர்ந்தாள். நம் கோவில் மணி அவள் ஊருக்குக் கேட்பதில்லை. சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்ததாம். காலெல்லாம் செம்மண். நேரே கல்லறைக்குப் போய் ஈர மண்ணில் உட்கார்ந்தவள் வெகுநேரம் அழவே இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் பயந்தவள் போல எழுந்தாள்.

"மாடு கண்ணு போட்டுது, பையனுக்கு அம்மை பாத்துது. அதான் கூட்டத்துக்கு வர முடியலிங்க. பேர எடுத்துட்டீங்களா டீச்சரம்மா?"

அவள் அங்கே வந்து என்னிடம் கேட்டது அதைத்தான். எடுக்கவில்லை என்றேன். பாதிப் பொய், பாதி நிஜம். பென்சிலால் ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருந்தேன். அன்று சாயங்காலம் அதை அழித்துவிட்டு, கூட்டமே இல்லாத அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே 'சின்னம்மாள் வந்தார்' என்று மையால் எழுதினேன்.

இன்று பாடுகளின் ஞாயிறு. கோவிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிட்டோம். மாதாவின் முகம்கூடத் தெரியவில்லை. வருஷாவருஷம் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் அக்கா எழுந்து, தபசின் கடைசி இரண்டு வாரத்துக்கு நமக்கு ஊக்கம் சொல்லுவார். அவர் இடத்தில் நின்று பேச எனக்குத் தகுதி இல்லை. அதனால் என் கதையை எழுதிக்கொண்டுவந்து வாசிக்கிறேன். உங்களில் யாராவது கையில் வந்த சாமானை முடிச்சிலேயே வைத்துக்கொண்டு, மனஸ்தாபம் தீரட்டும் என்று காத்திருந்தால், காத்திருக்க வேண்டாம். குருத்து ஞாயிறு வரட்டும் என்று சொல்லாதீர்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

புதன்கிழமையிலிருந்து நான் தலையில் புல்கட்டோடு போவதைப் பார்த்து நீங்கள் சிரித்ததும், வாத்தியாரம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டதும் எனக்குத் தெரியும். அது அக்காவின் செவலைக்கு. பாஸ்கு முடிந்து அவர் பெண் பெங்களூரிலிருந்து மறுபடி வந்து ஓட்டிப் போகும்வரை அதன் தீனி என் பொறுப்பு. எனக்குப் புல் அறுக்கத் தெரியவில்லை, மூன்று விரலில் வெட்டு. மாடும் என்னை நம்பவில்லை. புல்லைப் போட்டால் முதலில் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறது. எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அக்கா, என்னுடையது தப்பான நாளில்தான் வருகிறது. சூடு பண்ணி வையுங்கள்.

அந்தப் பொத்தானை இந்த வருஷம் நான் யாரிடமும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. அவர் பெண் கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் என் காலம் உள்ளவரை என் செபப்புத்தகத்தில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. அக்கா எடுத்த சாமான் யாருடையது என்று எனக்குத் தெரியாது. உங்களில் ஒருத்தருடையது அது. பாஸ்கு காலையில் புளியமரத்தடியில் எல்லோருக்கும் ஆள் வரும், அந்த ஒருத்தருக்கு மட்டும் வராது. நம்மை யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. கொஞ்சம் நில்லுங்கள். நான் வருவேன். கொடுக்க என்னிடம் உங்கள் சாமான் இருக்காது. 'நான்தான்' என்று சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "மதலேனக்காதான்" என்று சொல்லுவேன்.