எதிர்வீட்டு நாயின் மாலைக்கண்

பிறர் ஆக்கம் கண்டு முகம் மலர்தல் அரிய குணம். அக்குணம் தமக்கு வாய்க்கவில்லை என்பதை அய்யனார் ஒருநாளும் ஒளித்ததில்லை. மோட்டார்க் காயில் கட்டும் கடையை மாலை ஐந்தரைக்குப் பூட்டிவிட்டு வந்தவர், வாயிற்படியில் நின்றபடியே வரக்காப்பியை ஆற்றுகிறார். கண்கள் எதிர்வீட்டின் பச்சைக் கதவை விட்டு அசைவதில்லை.

அது தோல் வியாபாரி அப்துல் சுக்கூரின் வீடு. திண்டுக்கல்லில் லேப்ரடார் நாய் வளர்ப்போர் நடுவே அவருடைய ஆண் நாய் சுல்தானுக்குத் தனி மதிப்பு. அய்யனாரும் சளைத்தவர் அல்லர். வடமதுரைக் கிணற்று மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிய விரல்களால், தம் பெட்டை நாய் செல்லியின் மயிரைத் தம் தலைச்சீப்பாலேயே நாள்தோறும் வாரிவிடுவார். செல்லியின் குட்டி என்றால் கொடைரோட்டிலிருந்தும் ஆள் வரும். ஆயினும் எதிர்வீட்டுச் சிறப்புக்கெல்லாம் அவர் வாயில் ஒரே அளவுதான். பாய் புதுக் கார் வாங்கினால், "சுமாருதேன்." பாய் மகள் பாஸிலா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால், "பரவால்ல, சுமாருதேன்." பெருநாளுக்கு வந்த பிரியாணியை மூன்று முறை இட்டு உண்ட பின்னும் அதே சொல்.

மூன்றாண்டுகளுக்கு முன் செல்லியைச் சுல்தானோடு சேர்த்தார்கள். அதற்குக் கூலியாக, ஈற்றில் பிறந்த குட்டிகளுள் ஒன்றை முதலில் தெரிந்தெடுக்கும் உரிமை ஆண் நாய்க்காரருக்கு என்பது அத்தொழிலின் வழக்கம். ஆறு குட்டிகளுள் அய்யனார் உள்ளூர ஆசை வைத்திருந்த இளமஞ்சள் குட்டியின்மேலேயே சுக்கூரின் கை போய் நின்றது. மற்ற ஐந்தும் விலைபோயின. பிஸ்தா என்று பெயர் பெற்ற அந்த ஒன்றோ மதுரைக் கண்காட்சியில் கோப்பை வாங்கிற்று. அன்றுமுதல் அந்திதோறும் பிஸ்தாவைப் பார்த்துப் பெருமூச்செறிவது அய்யனாருக்கு வழிபாடு போல் தவறாத கடமை ஆயிற்று.

அப்படிப் பார்த்ததனால்தான் அது அவர் கண்ணில் பட்டது. பகலில் சாக்கடைப் பலகையைத் துள்ளித் தாண்டும் நாய், பொழுது சாய்ந்தால் அதன்முன் நின்று முன்காலால் துழாவியது. பதினோரு நாள் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் தேநீர்க்கடையில், யாரும் கேளாமலே, "பாயோட பரிசு நாய்க்கு மாலைக்கண்ணு" என்றார். அன்று வெஞ்சனம் இல்லாமலே அவருக்குச் சோறு இறங்கியது.

சுக்கூர் சினம் கொள்ளவில்லை. நாயை மருத்துவரிடம் கொண்டுபோனார். அதன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் தாமே அய்யனாரின் படியேறி வந்தார்.

"நீங்க பாத்ததாலதேன் தெரிஞ்சதுண்ணே" என்று தொடங்கினார். அந்த நன்றியே அய்யனாருக்கு முள்ளாய்த் தைத்தது. "இது ரத்தத்துல வாரதாம். தாயோ தகப்பனோ, ஒரு பக்கத்துலருந்து மட்டும் வந்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம். ரெண்டு பக்கமும் சேந்தாத்தேன் பார்வை போகுமாம்."

செல்லி வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலை முகர்ந்தது. சுக்கூர் அதனைப் பாராமல் தரையைப் பார்த்தார். சுல்தானை இனிச் சேர்ப்பதில்லை என்றும், அதன் குட்டிகளை வாங்கினவர்களுள் தமக்குத் தெரிந்தோர் அனைவருக்கும் போனில் சொல்லிவிட்டதாகவும் கூறினார். "செல்லி பேரை மட்டும் யார்ட்டயும் எடுக்கலண்ணே. அது நீங்க சொல்ல வேண்டியது."

அவர் போனபின் மனைவி முத்துப்பேச்சி அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "அம்புட்டு நாளு அடுத்த வீட்டுப் பழுதைப் பாத்தீக. பாதிப் பழுது நம்ம வீட்டுதுதேன்."

அய்யனார் மூன்று நாள் பச்சைக் கதவின் பக்கம் திரும்பாமலே கடைக்குப் போய் வந்தார். செல்லி பருவத்துக்கு வரும் காலம். அடுத்த ஈற்றுக்கு நால்வர் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மை வெளிவந்தால் ஒருவரும் வாரார். மறைத்தால் எவரும் அறியார். விற்ற ஐந்து குட்டிகளும் எந்தெந்த வீட்டில் எந்தெந்தப் படியில் தயங்கி நிற்கின்றனவோ, அதுவும் அவர் உறக்கத்தைக் கெடுத்தது. ஆயினும் அவரை எழுப்பியது அதுவன்று. நான்காம் நாள் தேநீர்க்கடையில் எல்லாரும் சுக்கூரின் நேர்மையையே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு மனிதர் இந்த ஊரிலேயே இல்லையாம். காரும் கோப்பையும் போக, இதுவும் எதிர்வீட்டுக்கே உரியதா? அய்யனார் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வீடு வந்து, வண்டிச் சாவியை எடுத்தார்.

"எங்கிட்டுப் போறீக?" என்றாள் முத்துப்பேச்சி.

"சின்னாளப்பட்டி. அப்பிடியே கொடைரோடு. குட்டி வாங்குன அஞ்சு வீட்டுக்கும் போகணும்." சற்று நின்று சொன்னார்: "பாயி போன்லதேன சொன்னாரு. நான் நேர்ல போயிச் சொல்லுவேன்."

புறப்படுமுன், 'லேப் குட்டிகள் கிடைக்கும்' என்று தம் கதவில் தொங்கிய பலகையைக் கழற்றினார். உடனே அதை உள்ளே கொண்டுபோகவில்லை. எதிர்வீட்டுப் பச்சைக் கதவு திறக்கும்வரை, எழுத்து அப்பக்கம் தெரியுமாறு, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

அய்யனாரின் மனையில் சோறும் சுற்றமும் பெருகுக; அங்குப் பிறக்கும் உயிர் ஒவ்வொன்றும் அந்தி கடந்தும் வழி காண்க.