டிரங்க் காலில் பிடித்த பிழை

தலைப்பிரசவத்துக்கு மரக்காணம் வந்திருந்த எனக்கு மெட்ராஸ் ஆபீஸ்காரர்களிடமிருந்து டிரங்க் கால் என்று, சித்தப்பா முறையான சாச்சாவின் உப்புக் கிடங்கிலிருந்து ஆள் வந்து சொன்னார். எங்கள் பக்கம் போன் இருந்தது அங்கே மட்டும்தான். "நெறமாச வயித்தோட எங்கடி போற?" என்று அம்மா கத்தினாள். நான் தெருமுனையைத் தாண்டியிருந்தேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்று முதலாளி சொன்னது இன்னும் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. "புள்ள பொறந்தப்புறம் உனக்கு எதுக்கும்மா வேலை?" கம்ப்யூட்டர் என்றாலே ஏ.சி. ரூமும் செருப்பைக் கழற்றுவதுமாக இருந்த காலத்தில், புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்தவள் நான். எனக்குப் போய் இந்தக் கேள்வி.

போனில், என்னோடு வேலை பார்ப்பவர். ஒரு தோல் மண்டியில் உட்கார்ந்துகொண்டு பேசினார். அந்த மண்டிக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதிக் கொடுத்தது நான்தான்.

"கிடங்குல இருக்கறதவிட ஜாஸ்தியா தோல் காட்டுதுங்க. மெஷினையே தூக்கிட்டுப் போங்கன்றாங்க. நம்ம முதலாளி பக்கத்துலதான் நிக்கறார்."

மெஷின் திரும்பிப் போனால் என் வேலையும் அதோடு போகும். என்னை வீட்டுக்கு அனுப்ப முதலாளிக்கு வேறு காரணமே வேண்டாம்.

"நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"நான் போட்டா சரியா வருது. கணக்குப்பிள்ளை பாய் போட்டாத்தான் தப்பா வருது. மெஷின் கோளாறா இருக்குமோ?"

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மெஷினுக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியாது. "நிஜக் கணக்குல கை வைக்காம, காலி ஃபிளாப்பி போடுங்க. பாய் உக்காரட்டும். நீங்க கையக் கட்டிக்கிட்டு, அவர் எந்தக் கீய அமுக்கறாரோ அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

வெளியே லாரியில் மூட்டை ஏற்றுகிற சத்தம். சாச்சா எழுந்துபோய் எல்லோரையும் அடக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வரியும் நான் எழுதியது, அந்தத் திரை எனக்குத் தெரியாதா? நடுவில் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், "மூணு நிமிஷம் ஆச்சு" என்றார். "நீட்டுங்க" என்றேன். பில் எப்படியும் முதலாளி தலையில்தானே.

"தேதி போட்டார். என்டர். வந்த தோல் எத்தனைன்னு கேக்குது. ஏழு, எட்டு, ஆறு. என்டர்."

"இருங்க. இன்னிக்கு எவ்வளவு தோல் வந்துதுன்னு பாயையே கேளுங்க."

"இன்னும் ஒண்ணுமே வரலையாம்."

நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. வாசலில் நின்ற லாரியின் நெற்றியில் 786. சாச்சாவின் மேசையில் இருந்த சீட்டின் தலையிலும் 786. பிஸ்மில்லா சொல்லித் தொடங்குவதற்கு அடையாளமாக எங்கள் ஆட்கள் எழுதுகிற எண். ஆயுசு முழுக்கப் பக்கத்தின் தலையில் அதை எழுதிவந்த மனிதர், பக்கம் போய்த் திரை வந்ததும் தோல் வரவின் முதல் கட்டத்தில் போட்டிருக்கிறார். புரோகிராம் அதையும் தோல் என்று தினமும் கூட்டியிருக்கிறது.

"போட வேணாம்னு சொல்லிடவா?"

"அவர எதுக்குத் திருத்தறீங்க? புரோகிராமத் திருத்துங்க." திரையின் தலையில் 786 தானாகவே வருகிற மாதிரி ஒரு வரி சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். பிறகு, பாய் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு 786 வீதம் மொத்தத்திலிருந்து கழித்து, கிடங்கில் எண்ணியதோடு ஒத்துப்பார்க்கச் சொன்னேன்.

அங்கே பேப்பரில் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், "ஏம்மா, சரியாயிடுச்சா?" என்றார். அந்த மனிதர் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

"ஒத்துப்போச்சுங்க! ஒரு தோல்கூட வித்தியாசம் இல்ல."

மெட்ராஸில் இருக்கிற மெஷினை மரக்காணத்தில் நின்றபடி சரிசெய்துவிட்டேன். பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

முதலாளி போனை வாங்கினார். "எப்பம்மா வருவீங்க?" அதுவரை நான் 'நீ'தான்.

"புள்ள பொறந்தப்புறம் எனக்கு எதுக்கு சார் வேலை?"

"அது சும்மா சொன்னதும்மா. உங்க சீட் உங்களுக்குத்தான்."

லாரிக்காரர்கள் மூட்டை ஏற்றுவதை விட்டுவிட்டு வாசலில் கூடியிருந்தார்கள். லைன் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

"சரியா கேக்கல சார்," என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க."