மொம்பாசாவில் புகைந்த மூட்டை

பூட்டிய கடையை விட்டு நடக்கத் தொடங்கினேன். எங்கே என்று தெரியாது. மொம்பாசாவில் இறங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இராமநாதபுரத்து ஏஜென்ட் எழுதிக் கொடுத்த விலாசம் சரிதான். ஆனால் அவர் வேலை இருப்பதாகச் சொன்ன சூப்பர் மார்க்கெட்டின் ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மூடி ஒரு வருஷமாகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் அரைகுறை இந்தியில் சொன்னார்.

ஊரிலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன்.

“என்ன மாப்ள, சிங்கத்தப் பாத்தியா?”

“கடையே இல்ல மச்சான். ஏஜென்ட் போனு சுவிட்ச் ஆஃப்.”

“அப்பப் பேசாம வந்துரு.”

“எதுல வர? டிக்கெட்டு ஒரு வழிக்குத்தான்.”

மச்சானின் சிரிப்பு நின்றது. “இருட்டுறதுக்குள்ள எங்கனயாச்சும் ஒண்டிக்க. பையக் கீழ வச்சுறாத.”

எட்டாம் வகுப்போடு கிளம்பியவன் நான். திருப்பூர், கொச்சி, மஸ்கட் எல்லாம் பார்த்தாயிற்று. பஸ் ஸ்டாண்டில் படுப்பது புதிதில்லை. இங்கே பையை மார்போடு கட்டிக்கொண்டு நடந்தேன். தெருவில் ஓடியவை நம் ஊர் ஆட்டோக்கள்தான். ஓட்டுநர் ஒருவர் என்னைக் கூப்பிட்டதும் எதிர்ப்பக்கம் தாண்டி ஓடினேன். விமானத்தில் பக்கத்தில் இருந்தவர் இந்த ஊர்ப் பாஷையில் ஒரே ஒரு சொல் கற்றுக் கொடுத்திருந்தார்: ‘ம்வீஸி’. திருடன் என்று அர்த்தம். யாரையாவது பார்த்து அப்படிக் கத்தினால் கூட்டம் கூடி அடிக்கும் என்றார். எங்கள் பக்கம் ஆட்டுத் திருடனை மரத்தில் கட்டித்தான் அடிப்பார்கள். அதனால் நம்பினேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு கரிக்கிடங்கு. ஆள் உயரத்துக்கு அடுக்கிய கரி மூட்டைகள். நின்றிருக்க மாட்டேன், ஒரு மூட்டையின் வாயில் நூல்போலப் புகை வராவிட்டால். கடலாடிப் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி, மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரி எடுத்தே வளர்ந்தவன் நான். ஆறாத கரி ஒரு கை அளவு உள்ளே இருந்தால் போதும். ஒரு லாரி முழுக்க எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பையைக் கீழே போட்டேன். மூட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குக் கொண்டு வந்தேன்.

“ம்வீஸி!”

சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. இன்னொரு கை கழுத்தில். என்னைச் சுற்றிப் பத்துப் பேர், இருபது பேர். என் பை எங்கே என்று தெரியவில்லை, அதில்தான் பாஸ்போர்ட். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. மூட்டையையே காட்டினேன். முதல் அடி காதில் விழுந்தது.

கிடங்குக்காரம்மா கூட்டத்தை விலக்கி வந்தார். மூட்டையைக் காலால் தள்ளினார். கரி சரிந்தது. நடுவில் இருந்த கரி காற்று பட்டதும் சிவந்தது. யாரோ தண்ணீர் வாளியைத் தூக்கி வர, நான் கையை ஆட்டித் தடுத்து மண்ணை அள்ளிப் போட்டேன். தண்ணீர் பட்டால் கரி விலை போகாது. அந்த அம்மா கீழே கிடந்த என் பையை எடுத்து, உள்ளே வரச்சொல்லித் தலையசைத்தார். அடிப்பதற்கா, உட்கார வைப்பதற்கா என்று தெரியாமலே பின்னால் போனேன். சோளமாவுக் களி கொடுத்தார். கிடங்கின் மூலையில் ஒரு சாக்கு விரித்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லாரி வந்தது. இறக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் புறங்கையை வைத்து, சூடு இருந்தால் தனியே ஒதுக்க வேண்டும். அதுதான் அந்த அம்மா எனக்குக் கொடுத்த வேலை. மூட்டைகளை இறக்கி எனக்கு நீட்டியவர், நேற்று என் காலரைப் பிடித்தவர். முதல் மூட்டையைத் தொட்டபோது சூடா இல்லையா என்று தெரியவில்லை. என் கண் அவர் கைமேலேயே இருந்தது. மறுபடியும் தொட்டேன்.