கோவர் தெருச் சுவரும் எங்கள் பட்டறைப் பலகையும்

செவ்வாய்க்கிழமை, காலை 8.40. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மூன்று இட்லி, ஒரு வடை, ஒரு காபி: ஆறு பவுண்டு இருபது பென்ஸ். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே என்று தங்கை முதல் நாளே எச்சரித்திருந்தாள். பெருக்கினேன். வடை தொண்டையிலேயே நின்றது.

லண்டனுக்கு வருகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், பாலம் பார்ப்பார்கள். திருச்சி பக்கத்து ரயில் பட்டறை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. நீராவி இன்ஜினை முதன்முதலில் கட்டியவர்களின் சுவடு ஏதாவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தங்கை வீட்டு மாடியில் குடியிருக்கும் சிவநேசன் உடன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பாதாள ரயில் தண்டவாளத்தில் விரிசல் பார்க்கும் வேலை. அன்று அவருக்கு விடுமுறை.

"மியூசியம் பிறகு போகலாம் அக்கா. முதல்ல ஒரு சுவர் காட்டுறன், வாங்கோ."

"சுவரா? சுவர் பார்க்கவா ஐயாயிரம் மைல் வந்தேன்?"

"ஓம். வந்து பாருங்கோ."

9.15-க்கு ரயில் ஏறினோம். ஈஸ்ட் ஹாமிலிருந்து பதினைந்தாவது நிறுத்தம் யூஸ்டன் ஸ்கொயர்; முக்கால் மணிக்குள் போய்விடலாம். வழியில் எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சிவநேசனுக்குச் சொன்னேன். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஊர்தான் பெயர். மணப்பாறை, துறையூர், லால்குடி. இன்ஜின் கட்டிய வெள்ளைக்காரர்களுக்கும் அதே கதிதான். ரயிலின் தந்தை என்று எல்லாரும் படிக்கிறவர் நியூகாசில், இன்னொருவர் கார்ன்வால். இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும், பழக்கத்தை மாற்ற முடியாது.

அந்த லால்குடியைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. ஃபிட்டர். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பட்டறையின் பெயர்ப்பலகைகளெல்லாம் அவர் கைவண்ணம். ஒன்பது வருடத்துக்கு முன் பயிற்சிக்கூடம் என் பொறுப்பில் இருந்தபோது, இன்ஜின் கட்டியவர்களின் வரிசையை வாசலில் ஒரு பலகையில் எழுதச் சொன்னேன். முதல் பெயர் நியூகாசில். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே, "மேடம், இவருக்குப் பத்து வருஷம் முன்னாடியே கார்ன்வால் ஒண்ணு ஓட்டிட்டார்" என்றார் லால்குடி. சுற்றிலும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். "நீங்க படிச்சதா, நான் படிச்சதா? எழுதச் சொன்னதை எழுதுங்க" என்றேன். எழுதினார். அதன் பிறகு அவர் ஓய்வுபெறும் வரை என்னிடம் எந்த விஷயத்திலும் மறுபேச்சு பேசவில்லை. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பலகையில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. மேலே வெற்றிடம் கிடக்க, எழுத்தெல்லாம் கீழே இறங்கியிருக்கும். அளவெடுக்கத் தெரியாதா என்று அதற்கும் திட்டினேன்.

10.05. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கோவர் தெரு. மெல்லிய தூறல். பல்கலைக்கழகக் கட்டடச் சுவரில் ஒரு நினைவுப் பலகை. மாணவர்கள் அதை ஏறிட்டும் பார்க்காமல் காபிக் குவளையோடு போய்க்கொண்டிருந்தார்கள். நின்று படித்தேன். பயணிகளை இழுத்த முதல் நீராவி இன்ஜினைக் கார்ன்வால் ஓட்டியது இந்த இடத்துக்கு அருகில்தான், வருடம் 1808. நியூகாசில் தன் முதல் இன்ஜினைக் கட்டியது 1814-இல். எங்கள் பலகைக்கு அதை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"அதுக்கும் நாலு வருஷம் முந்தி, வேல்ஸிலை இரும்புப் பாரம் இழுத்துக் காட்டிட்டார்" என்றார் சிவநேசன். "இங்கை வட்டமாத் தண்டவாளம் போட்டு, சுத்திவர வேலி அடைச்சு, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கினவராம். எஞ்சினிலை பிழை இல்லை அக்கா. தண்டவாளம்தான் தாங்கேல்லை. வார்ப்பிரும்பு, சட்டெண்டு உடைஞ்சிடும். எங்கட தண்டவாளக் கூட்டத்துக்கு ஆர் புதுசா வந்தாலும் இந்தச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு வருவம். பிழை எங்கட பக்கத்திலைதான் எண்டு தெரிய வேணும்தானே."

எங்கள் ஊரில் இன்ஜின்காரர்களும் தண்டவாளக்காரர்களும் இப்படி ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. வண்டி தடம் புரண்டால் சக்கரம் என்று அவர்கள் சொல்வார்கள், தண்டவாளம் என்று நாங்கள் சொல்வோம். கடைசிவரை அதே பாட்டுத்தான். இவரோ இருநூறு வருடத்துப் பிழையைத் தன் வீட்டுப் பிழை போலச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. குடை இருந்தும் விரிக்கத் தோன்றாமல் நனைந்துகொண்டு நின்றேன்.

"உங்கட கார்ன்வாலுக்குக் கடைசிக் காலத்திலை கையிலை ஒண்டும் இல்லையாம்" என்றார் சிவநேசன். "கூட வேலை செய்த ஆக்கள்தான் அடக்கம் செய்தவை."

அந்த இடத்திலிருந்தே லால்குடிக்கு போன் செய்தேன். அங்கே பிற்பகல் மூன்று மணி இருக்கும். மணி அடித்து ஓய்ந்தது. சுவரைப் படம் எடுத்து அனுப்பினேன், கீழே, "நீங்கள் சொன்னதுதான் சரி. நாற்பது பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிக்க வேண்டும்" என்று எழுதினேன். சிறிது நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, படித்துவிட்டார். பதில் இல்லை.

புதன்கிழமை மியூசியம் போனேன். நல்ல இடம்தான். ஆனால் இன்ஜினைப் பார்த்ததைவிட போனைப் பார்த்ததே அதிகம்.

வியாழக்கிழமை, மதியம் 12.30, ஹீத்ரோ. வழியனுப்ப சிவநேசனும் வந்திருந்தார். எங்கள் பட்டறைக்கென்று சிறு பொட்டலம் ஒன்று கொடுத்தார். அவர் வேலையிடத்தில் கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டாக இருக்குமோ என்று பயந்துபோய்ப் பிரித்தேன். தேயிலை. இந்த ஊர் எனக்குக் கொடுத்தது ஒரு சுவர்தான். எங்கள் ஊரிலும் ஒரு பலகை இருக்கிறது, அது தப்பு. அதை எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே வரிசையில் நின்றேன். அப்போதுதான் போன் அடித்தது. லால்குடி.

"மன்னிச்சுக்கங்க மேடம், ரெண்டு நாளா என்ன எழுதறதுன்னே தெரியல" என்றார். "அதான் இன்னிக்கு நேராப் பட்டறைக்கே போயிட்டேன். பலகை முன்னாடிதான் நிக்கிறேன்."

"வேற பலகை செஞ்சிடலாம்" என்றேன். "பழசைக் கழட்டிடச் சொல்றேன்."

"எதுக்கு மேடம்? அன்னைக்கே மேல ஒரு வரிக்கு இடம் விட்டுத்தானே எழுதினேன்."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்.